வேலைப்பாட்டு: எப்படி வேலை செய்தது, ஏன் நின்றது

"உங்கள் அன்றாட வேலையில் கவிதையைக் கண்டுபிடியுங்கள்" என்று நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் இப்போது அடிக்கடி சொல்கிறார்கள். கேட்பவர்கள் பலருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. இன்னொரு பக்கம், "அந்தக் காலத்தில் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள், அலுப்பே தெரியாது" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். முதல் பேச்சின்படி கவிதை நம் மனநிலையைப் பொறுத்தது. இரண்டாவதின்படி அது அந்தக் காலத்து மனிதர்களின் குணம். இரண்டுமே போதாத விளக்கங்கள்.

பாட்டு அன்று வேலைக் கருவிகளில் ஒன்றாக இருந்தது. வேலையின் வேகத்தைச் செய்பவர்களே தீர்மானித்த இடத்தில் அது பிறந்தது. வேகம் அவர்கள் கையை விட்டுப் போன இடத்தில் நின்றது, அல்லது உருமாறியது. அது எப்படி நடந்தது என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

மூன்றையும் முதலில் பிரித்துக்கொள்வோம்

"வேலையும் கவிதையும்" என்று பேசும்போது மூன்று வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

1. வேலைக்குள் பிறக்கும் பாட்டு. உடலின் அசைவோடு சேர்ந்தே வருவது. ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு, உலக்கைப்பாட்டு, மீனவர்களின் அம்பா எல்லாம் இந்த வகை. அசைவு நின்றால் பாட்டும் நின்றுவிடும்.

2. வேலையைப் பற்றிய கவிதை. வேலை முடிந்த பிறகு, அதை நினைத்து எழுதுவது. இதற்குத் தனியாக நேரம் வேண்டும்.

3. வேலையின் மேல் போடப்படும் இசை. ஒலிபெருக்கியிலோ காதில் மாட்டிய கருவியிலோ வருவது. பாடியவர் வேறு யாரோ.

வேலைப்பாட்டு என்று இங்கே சொல்வது முதல் வகையை மட்டும்தான். மற்ற இரண்டும் பின்னால் வரும்.

ஏற்றத்தில் நடந்தது என்ன?

ஏற்றத்தை இப்போது நேரில் பார்த்தவர்கள் குறைவு. அதனால் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கிணற்றை ஒட்டி உயரமான ஏற்றக்கால் நட்டிருக்கும். அதன்மேல் துலா என்ற நீண்ட மரம் குறுக்காக, இரு பக்கமும் ஏறி இறங்கும்படி பொருத்தியிருக்கும். துலாவின் கிணற்றுப் பக்க முனையிலிருந்து ஒரு நீளமான கோல் தொங்கும். கோலின் அடியில் தண்ணீர் மொள்ளும் சால். ஒருவர் கிணற்று வாயில் நின்று கோலைப் பிடித்துச் சாலை இறக்குவார். துலாவின் மேலே ஒருவரோ இருவரோ ஏறி நின்று முன்னும் பின்னும் நடப்பார்கள். அவர்கள் கிணற்றுப் பக்கம் நடந்து வந்தால் சால் இறங்கும், எதிர்ப்பக்கம் நடந்தால் நீரோடு ஏறும். மேலே வந்த சாலைக் கீழே நிற்பவர் வாய்க்காலில் சாய்ப்பார். மறுபடி இறக்குவார். விடியும் முன்பு தொடங்கி, வெயில் ஏறும்வரை இதேதான்.

இந்த வேலைக்குப் பாட்டு தேவைப்பட்டதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

1. நேரம் சேர வேண்டும். சால் நிரம்பும் முன்பே மேலே இருப்பவர் திரும்பினால் அரைச் சால்தான் வரும். கீழே இருப்பவர் சாய்த்து முடிக்கும் முன்பே அவர் நடந்தால் கோல் கையை இழுக்கும். துலாவில் நிற்பவருக்கு ஒரு சறுக்கல் உயிருக்கே ஆபத்து. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே அசைவைப் பொருத்திக்கொள்ளக் குரல்தான் இருந்தது.

2. எண்ணிக்கை வேண்டும். எத்தனை சால் இறைத்தோம் என்பதே பாய்ச்சலின் கணக்கு. பல ஏற்றப்பாட்டுகள் பிள்ளையார் வணக்கத்தில் தொடங்கி, ஒன்று, இரண்டு என்று எண்களை வரிக்குள் கோத்துக்கொண்டே பத்துக்கும் நூறுக்கும் போகும். பாட்டே கணக்கேடு. தனியாக எண்ணினால் மனம் தவறும். பாட்டில் எண் தவறினால் வரி இடறும், உடனே தெரிந்துவிடும்.

3. மூச்சு அளவாக வேண்டும். ஒரு தொடர் பாடி முடிப்பதற்குள் சால் இறங்கிவிடும், அடுத்த தொடரில் ஏறிவிடும். வரியின் நீளத்தைக் கிணற்றின் ஆழமும் மனிதனின் மூச்சும் சேர்ந்து தீர்மானித்தன.

4. தூங்கிவிடக் கூடாது. இருட்டில் உயரத்தில் நடப்பவருக்கு அரைத் தூக்கம் எமன். அடுத்த வரியை நினைவுகூர வேண்டியிருந்தால் மூளை விழித்திருக்கும்.

அலுப்புத் தீர என்பது இதற்கெல்லாம் பிறகு வரும் ஐந்தாவது காரணம். அது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் சொன்னால், பாட்டை எடுத்துவிட்டாலும் வேலை நடக்கும் என்ற எண்ணம் வந்துவிடும். நடக்காது, அல்லது மோசமாக நடக்கும்.

இரண்டு வரிகளுக்குள் இருக்கும் கட்டுமானம்

ஏற்றப்பாட்டைப் பற்றித் தமிழர்கள் எல்லோரும் கேட்டிருக்கக்கூடிய செவிவழிக் கதை ஒன்று உண்டு. விடிகாலையில் வயல்வழியே போன கம்பர், ஏற்றம் இறைப்பவர் பாடுவதைக் கேட்டாராம்.

மூங்கில் இலைமேலே
தூங்கும் பனிநீரே

அதோடு அன்றைய வேலை முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள். அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று கம்பர் யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. மறுநாள் வந்து காத்திருந்து கேட்டாராம்.

தூங்கும் பனிநீரை
வாங்கும் கதிரோனே

"ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை" என்ற பழமொழியோடு சேர்த்து இந்தக் கதையைச் சொல்வார்கள். கம்பருக்கு நிஜமாகவே இது நடந்ததா என்பது இங்கே முக்கியமில்லை. மாபெரும் புலவரையே காத்திருக்க வைக்கும் அளவு இந்த வரிகளில் ஏதோ இருக்கிறது என்று மக்கள் கருதியிருக்கிறார்கள். என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் ஓசை. மூங்கில், தூங்கும், வாங்கும் என மூன்றிலும் நெடில் முதல் எழுத்து, இரண்டாம் எழுத்து ங். யாப்பில் இதை எதுகை என்போம். இரண்டாம் எழுத்து ஒன்றாக இருப்பதால் ஒரு தொடரைச் சொன்னதும் அடுத்ததன் தலை நாக்குக்கு வந்துவிடும். எழுத்தறியாதவர் நூற்றுக்கணக்கான வரிகளை மனத்தில் வைத்திருந்த வழி இதுதான்.

அடுத்து, இரண்டாவது தொடரே மூன்றாவதாகத் திரும்பி வருகிறது. "தூங்கும் பனிநீரே" என்று முடிந்தது, "தூங்கும் பனிநீரை" என்று தொடங்குகிறது. கேட்டதையே எடுத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு படி முன்னே போகும் முறை. ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் பிடித்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

மூன்றாவது, பொருள். இதைத்தான் நான் மிகப் பெரிய கவித்துவமாக நினைக்கிறேன். பனித்துளி கீழே இலையில் தொங்குகிறது, கதிரவன் அதை மேலே எடுத்துக்கொள்கிறான். பாடுகிறவர் அதே நேரத்தில் செய்துகொண்டிருப்பதும் கீழே கிடக்கும் நீரை மேலே எடுப்பதுதான். வானத்தில் ஒரு ஏற்றம், கிணற்றில் ஒரு ஏற்றம். விடியல் நேரத்தில் அவர் கண்ணெதிரே மூங்கிலும் பனியும் சூரியனும் இருந்தன. தன் வேலையின் பெயரைக்கூடச் சொல்லாமல், அந்த வேலையை உலகம் முழுக்கப் பார்த்துவிட்டார்.

புதிய வரி எப்போது உருவாகிறது?

இத்தனை உழைப்புக்கு நடுவே புதிதாக யோசிக்க நேரம் எங்கே கிடைத்தது? பதில் பாட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

கூட்டமாகப் பாடும் வேலைப்பாட்டில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும். முன்பாட்டுக்காரர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் எப்போதும் ஒரே மாதிரியான பின்பாட்டைச் சொல்வார்கள். கடற்கரையில் அது "ஏலேலோ", "ஐலசா". நடவில் முன்னவர் பாடியதையே திருப்பிச் சொல்வது வழக்கம். உடம்பின் பலம் முழுவதும் விழுவது பெரும்பாலும் இந்தப் பின்பாட்டில்தான். எல்லோரும் சேர்ந்து இழுக்கவும் குத்தவும் வேண்டிய கணம் அது. அதனால் அது மாறக் கூடாது.

மற்றவர்கள் பின்பாட்டைச் சொல்லும் அந்த இரண்டு மூன்று விநாடிகள்தான் முன்பாட்டுக்காரரின் படைப்பு நேரம். மாறாத பகுதி இருப்பதால்தான் மாறும் பகுதிக்கு இடம் கிடைக்கிறது. வழியில் போகிறவர், இன்று தாமதமாக வந்த தோழி, குறைத்துக் கொடுத்த கூலி, மேற்கே கறுக்கும் மேகம் என்று எது வேண்டுமானாலும் அடுத்த அடியாகலாம். ஓசை பொருந்தினால் போதும். சரியில்லாத அடி அடுத்த சாலோடு மறந்துபோகும். நல்ல அடியைப் பக்கத்து ஊர்க்காரர் தூக்கிக்கொண்டு போவார். நாட்டுப்பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லாததன் காரணமும் இதுதான்.

வெவ்வேறு வேலை, வெவ்வேறு பாட்டு

வேலை என்ன கேட்கிறதோ அதற்கேற்பப் பாட்டின் வடிவம் மாறும். சில எடுத்துக்காட்டுகள் போதும்.

1. உலக்கை. இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றிக் குத்தும்போது உலக்கைகள் மோதக் கூடாது. அதனால் இது இருவர் பாட்டு, கேள்வியும் பதிலுமாக வரும். கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில் இந்த வள்ளைப்பாட்டு இருக்கிறது. யானைத் தந்தத்தாலும் சந்தன மரத்தாலும் ஆன உலக்கையால் தலைவியும் தோழியும் ஐவன வெண்ணெல் குத்துகிறார்கள். ஒருத்தி தலைவனைக் குறை சொல்ல, மற்றவள் விட்டுக்கொடுக்காமல் புகழ்கிறாள். மாறிமாறி விழும் உலக்கையும் மாறிமாறி வரும் பேச்சும் ஒன்றுதான்.

2. நடவு. பெண்கள் வரிசையாகக் குனிந்து, நாற்றை ஊன்றிக்கொண்டே பின்னோக்கி நகர்வார்கள். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் வரிசை கோணும். பாட்டுதான் வரிசையைக் காக்கிறது. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் குலவை.

3. கரைவலை. குமரிப் பக்கம் கரமடி என்பார்கள். கடலில் வளைத்து விட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுக்க வேண்டும். இழுப்பு சமமாக இல்லாவிட்டால் மடி சாய்ந்து மீன் தப்பும். இங்கே அடிகள் குறுகலாக இருக்கும், நீளப் பாடினால் மூச்சு போதாது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அம்பாப் பாடல்கள் இதே தேவையில் பிறந்தவை.

4. தளம் அடித்தல். பழைய சென்னை வீடுகளின் மொட்டை மாடியைச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அடி சீராக விழாத இடத்தில் மழைக்காலத்தில் ஒழுகும். தாளம் தவறினால் வீட்டுக்காரருக்குத் தெரிய ஆறு மாதம் ஆகும், அவ்வளவுதான்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் காவிரிக் கரையோரம் நடந்து போகும்போது, உழவர்களின் ஏர்மங்கலமும், நெல்லை முகந்து அளக்கும் களத்தின் முகவைப்பாட்டும், நடவுப் பெண்களின் பாட்டும் காதில் விழுகின்றன. அதைக் கேட்டதால் அவர்களுக்கு வழிநடை வருத்தம் தெரியவில்லை என்கிறார் இளங்கோ. வேலைப்பாட்டை வகை பிரித்துப் பெயரோடு காவியத்தில் பதிவு செய்திருக்கிறார்கள் என்றால், அது அன்றைக்கே எவ்வளவு நிலைபெற்றிருக்க வேண்டும்!

பாடியவர்கள் மகிழ்ச்சியாக இருந்தார்களா?

இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ஏற்றம் இறைத்தவர்களிலும் நடவு நட்டவர்களிலும் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாதவர்கள், சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். கூலி நெல்லாக, அதுவும் பண்ணையார் வைத்த அளவில் வந்தது. பாட்டு இருந்தது என்பதற்காக அந்த வாழ்க்கையை அழகு என்று சொன்னால், அவர்கள் பட்ட பாட்டை நாம் மறைக்கிறோம்.

பாட்டு அவர்களுக்குக் கொடுத்தது வேறொன்று. நேரில் சொன்னால் அடி விழும் பேச்சைப் பாட்டில் சொல்ல முடிந்தது. வரப்பில் நிற்பவரின் கஞ்சத்தனத்தையும், அளவு மரக்காலின் மோசடியையும், கணக்குப்பிள்ளையின் பார்வையையும் நடவுப்பாட்டு பெயர் சொல்லாமல் கிழித்துப் போட்டது. நிறுத்தச் சொல்ல முடியாது, நிறுத்தினால் நடவு பிந்தும். ஆக, வேலைக்குத் தேவையான தாளமே பேச்சுரிமைக்கும் மறைப்பாக நின்றது. கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து 1958-ல் வந்த 'மலையருவி', நா.வானமாமலையின் 1964-ஆம் ஆண்டுத் தொகுப்பான 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' போன்றவை இல்லையென்றால், இந்தக் குரலில் பெரும்பகுதி நமக்கு எட்டியே இருக்காது.

வேகம் வேறொருவர் கைக்குப் போனபோது

மேலே பார்த்த எல்லா வேலைகளிலும் ஒரு பொது அம்சம் உண்டு. வேலை வாங்குபவர் எவ்வளவு கொடுமைக்காரராக இருந்தாலும், அடுத்த அசைவு எந்த நொடியில் விழ வேண்டும் என்பதைச் செய்கிறவர்களே குரலால் தீர்மானித்தார்கள். இது மாறும்போது என்ன ஆகிறது என்பதற்கு இலங்கையின் மலையகம் கண்கூடான சான்று.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் முதலில் காப்பித் தோட்டங்களிலும், 1869-ல் தென்பட்ட இலைநோயில் காப்பி அழியத் தொடங்கிய பிறகு தேயிலையிலும் உழைத்தார்கள். விடியலில் தப்புச் சத்தம், பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு, மலையில் கங்காணி, சாயங்காலம் கொழுந்தின் நிறை. ஒவ்வொருவரின் கொழுந்தும் தனித்தனியாக நிறுக்கப்பட்டது. சேர்ந்து ஒரே அசைவில் கை வைக்க வேண்டிய தேவை அந்த வேலையில் இல்லை. அங்கே பிறந்த பாட்டைப் பாருங்கள்.

கூனி அடிச்ச மலை
கோப்பிக் கன்னு போட்ட மலை
அண்ணனைத் தோத்த மலை
அந்தா தெரியுது பார்

இதில் வேலையின் தாளம் இல்லை, வேலையின் விலை இருக்கிறது. மலையைத் திருத்தி, கன்று நட்டு, அதே மலையில் அண்ணனை இழந்துவிட்டு, தூரத்திலிருந்து விரல் நீட்டிக் காட்டுகிறாள் ஒருத்தி. நான்கே வரியில் ஒரு தலைமுறையின் வரலாறு. சி.வி.வேலுப்பிள்ளை போன்றவர்கள் இத்தகைய பாடல்களைத் தேடித் திரட்டினார்கள். கைக்குத் துணையாக இருந்த பாட்டு, இங்கே நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்லும் பாட்டாக மாறிவிட்டது.

இயந்திரம் வந்த இடங்களில் மாற்றம் இன்னும் முழுமையானது.

1. மோட்டார் பம்புசெட் வந்தது, துலாவில் நடக்க ஆள் தேவையில்லை. நெல் அரைவை ஆலை வந்தது, உலக்கை மூலைக்குப் போனது. கான்கிரீட் வந்தது, தளம் அடிப்பது நின்றது. பாடும் ஆர்வம் குறைந்ததால் பாட்டு போகவில்லை. பாட்டு ஒட்டியிருந்த அசைவே போய்விட்டது. முதுகை ஒடித்த வேலைகள் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

2. பாய்மரக் கப்பல்களில் நங்கூரம் தூக்கவும் பாய் ஏற்றவும் மேலைநாட்டு மாலுமிகள் பாடிய பாட்டுகளும் நீராவி இயந்திரம் வந்த பிறகு இப்படித்தான் மறைந்தன.

3. தொழிற்சாலையில் இயந்திரம் மனிதனின் இடத்தை மட்டும் எடுக்கவில்லை, வேகத்தையும் எடுத்துக்கொண்டது. 1913-ல் ஃபோர்டு நிறுவனம் நகரும் பட்டையில் கார் கட்டத் தொடங்கியது. அடிச்சட்டம் ஒன்றைக் கட்ட ஆன நேரம் சுமார் 12½ மணியிலிருந்து சுமார் 1½ மணியாகக் குறைந்தது. பட்டை நகரும் வேகத்தை மேலாளர் வைத்தார். தொழிலாளியின் மூச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் வந்தது மூன்றாம் வகை. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜூனில், பிபிசி தொழிற்சாலைகளுக்கென்றே ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கி 1967 வரை நடத்தியது. சீரான வேகம், குரல் குறைவு, உற்பத்தி குறையக் கூடாது என்பதே நோக்கம். கைதட்டும் இடம் வரும் ஒரு பாட்டை, தொழிலாளர்கள் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டத் தொடங்குவார்கள் என்று அந்த நிகழ்ச்சியில் போடாமல் தவிர்த்தார்கள். கேட்கலாம், சேர்ந்துகொள்ளக் கூடாது. வேலைப்பாட்டுக்கும் வேலைக்குப் போடும் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு முடிவில் இருக்கிறது.

கை மட்டும் ஓடி, காது சும்மா இருந்தால்?

எல்லாக் கூட்டு வேலையும் தாளத்தில் நடப்பதில்லை. சுருட்டுச் சுற்றுவது தனித்தனிக் கைவேலை, சத்தமும் கிடையாது. அங்கே தொழிலாளர்கள் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள்.

கியூபாவின் ஹவானாவில் 1865-ல் சுருட்டு ஆலைகளில் வாசிப்பாளர் என்று ஒருவரை வைக்கும் பழக்கம் தொடங்கியது. அவர் மேடையில் அமர்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். எந்த நூலைப் படிப்பது என்பதையும் அவர்களே வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். அவர்கள் விரும்பிக் கேட்ட ஒரு பிரெஞ்சு நாவலின் நாயகன் பெயர்தான் மாண்டெகிறிஸ்டோ சுருட்டுக்கு வந்தது. காலனி அரசு 1866-லேயே இதைத் தடை செய்தது. தடை நீங்கியபின் வாசிப்பு திரும்ப வந்தது. கியூபர்கள் குடியேறிய அமெரிக்காவின் டாம்பா நகர ஆலைகளுக்கும் பரவியது. அங்கே 1931-ல் முதலாளிகள், தீவிரக் கருத்துகள் பரவுகின்றன என்று வாசிப்பாளர்களை நீக்கினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாசிப்பு மேடைகளின் இடத்துக்கு வானொலிப் பெட்டி வந்தது. கியூபாவில் இன்றும் வாசிப்பு தொடர்கிறது.

இது நமக்குத் தொலைவில் உள்ள கதை இல்லை. கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளர்கள், 1969-ல் தொடங்கிய தினேஷ் பீடி கூட்டுறவு உட்பட, தங்களில் ஒருவரைப் பத்திரிகை படிக்க வைப்பார்கள். அவர் சுற்ற வேண்டிய பீடிகளை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். படிப்புக்கான நேரத்தைத் தங்கள் கைகளால் சம்பாதித்தார்கள்.

திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, மடியில் சுளவு வைத்து, வீட்டிலேயே. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். ஒரே தொழில், ஒரே கைவேலை. ஆனால் ஒரு கூரையின் கீழ் சேர்ந்து உட்காரும் ஏற்பாடு இல்லாததால் அங்கே வாசிப்பாளர் உருவாகவில்லை. அக்கம்பக்கத்துத் திண்ணையில் நான்கு பேர் கூடும்போது பேச்சு இருக்கிறது, கதை இருக்கிறது. அதை அமைப்பாக்கும் வாய்ப்பு மட்டும் இல்லை. படைப்பு என்பது தனிமனித ஆர்வம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து எழுதியவர்கள்

இரண்டாம் வகையான எழுத்துக் கவிதைக்கு வேண்டியது தாளம் இல்லை, மிச்ச நேரம். சங்கப் புலவர் பெயர்ப் பட்டியலே இதற்குச் சாட்சி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானிய வணிகர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனாரும் உறையூர் மருத்துவன் தாமோதரனாரும் உண்டு. தொழிலை ஒளிக்கவில்லை, பெயரோடு வைத்துக்கொண்டார்கள்.

இவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வெண்ணிக் குயத்தியார். குயவர் குலப் பெண். வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனிடமே, நீ வென்றாய் சரி, ஆனால் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி, உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தானே தோற்ற சேரன், அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறார் (புறநானூறு 66). மண் பிசைந்து வாழ்ந்த குடியில் வந்தவர் பேரரசனிடம் பேசும் பேச்சு இது. அரசவையை நம்பிப் பிழைக்க வேண்டியில்லாதவருக்கு இந்தத் துணிவு இன்னும் எளிதாக வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

நம் காலத்துக்கு வந்தால், சீனத்தின் செங் சியாவ்சியோங். சிச்சுவானிலிருந்து 2001-ல் டோங்குவான் நகருக்கு வந்து இரும்புச் சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் கவிதைகளில் இரும்பு திரும்பத் திரும்ப வரும். 2007-ல் பெரிய இலக்கியப் பரிசு பெற்றார். பட்டை நகரும் ஆலைக்குள் பாட முடியாது. ஆனால் அந்த ஆலையைப் பார்க்கும் கண்ணைப் பட்டையால் பிடுங்க முடியவில்லை.

இன்றைய வேலைகளை எப்படிப் பார்ப்பது?

இதுவரை சொன்னதிலிருந்து, எந்த வேலைக்கும் போட்டுப் பார்க்கக்கூடிய ஐந்து கேள்விகள் கிடைக்கின்றன.

1. அடுத்த அசைவின் நேரத்தை முடிவு செய்வது யார்?
2. நாக்கு வேலையில் சிக்கியிருக்கிறதா, விடுதலையாக இருக்கிறதா?
3. பக்கத்தில் இருப்பவர் குரல் கேட்குமா?
4. மாறாத பகுதி ஒன்று இருந்து, அதற்கு நடுவே மாற்றிப் பார்க்க இடம் இருக்கிறதா?
5. தவறான முயற்சிக்குக் கூலி வெட்டு விழுமா?

பூக்கட்டும் பெண்கள் முதல் நான்கிலும் தேறிவிடுவார்கள். அதனால்தான் கோயில் வாசல் பூக்கடைகளில் இன்றும் பேச்சும் பாட்டும் ஓய்வதில்லை, கதம்பத்தில் புதுப்புது அடுக்கும் வருகிறது. அழைப்பு மையத்தில் நாக்கே முதலாளிக்கு விற்றது. எழுதிக் கொடுத்த வாசகத்தை மீறினால் ஐந்தாவது கேள்வி வந்து நிற்கும். உணவு கொண்டுபோகும் இளைஞருக்குக் கைபேசியில் நிமிடம் ஓடுகிறது, துணையும் இல்லை. கணினி நிரல் எழுதுபவருக்கு நான்காவது கேள்வி தாராளமாகச் சாதகம், முதல் கேள்வி கெடு தேதியைப் பொறுத்தது. ஆக, ஊழியர்களிடம் கவிதை கேட்கும் நிறுவனம் முதலில் மாற்ற வேண்டியது அவர்களின் மனநிலையை அல்ல, வேகத்தை வைத்திருக்கும் தன் கையை.

தெருவியாபாரிகளின் கூவலுக்கு இங்கே தனி இடம் உண்டு. "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று நீட்டி இறக்கிய ராகம், சொல் புரியும் முன்பே யார் வருகிறார் என்று மூன்றாவது வீட்டுக்குச் சொல்லிவிடும். எந்த எழுத்தை நீட்டினால் சந்து முனைவரை போகும் என்பதை ஒவ்வொருவரும் தொண்டையால் கற்றுக்கொண்டது. இப்போது பதிவு செய்த குரலைச் சிறிய ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறார்கள். வெயிலில் நாள் முழுக்கக் கத்த வேண்டிய தொல்லை போனது நல்லதுதான். ஆனால் எல்லா வண்டியிலும் ஒரே குரல் வரத் தொடங்கினால், ஆளுக்கொரு ராகம் என்ற பழக்கம் அதோடு முடிந்தது.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

நடவு நட்ட, அம்பா பாடிய, தளம் அடித்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைபேசியில் பாட்டைப் பதிவு செய்யும் இளைஞர்களும் பெருகியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் மேடைக்காகப் பாடச் சொன்னால் வேகம் கூடிவிடும், பின்பாட்டு சுருங்கிவிடும், எண் வரிசை வெட்டுப்படும். வேலைப்பாட்டைப் பொறுத்தவரை அவைதான் உயிர்ப்பகுதிகள். அதனால் சொற்களோடு இவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்:

1. எத்தனை பேர் சேர்ந்து செய்த வேலை, முன்பாட்டுக்காரர் எங்கே நின்றார்.
2. எந்த எழுத்தில் பலம் விழுந்தது, எங்கே மூச்சு விட்டார்கள்.
3. எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில் பாடியது. விடியல் பாட்டும் உச்சிவெயில் பாட்டும் ஒன்றல்ல.
4. எந்த வரி வழக்கமானது, எது அன்றன்றைக்குக் கட்டியது. யாரைத் தாக்கிக் கட்டியது என்றும் கேட்கலாம், தயங்காமல் சொல்வார்கள்.
5. கூலி என்ன, யார் கொடுத்தார்கள்.

உட்கார வைத்துப் பாடச் சொல்வதைவிட, முடிந்தால் கையில் உலக்கையையோ கயிற்றையோ ஒரு பிடி நாற்றையோ கொடுத்து, அந்த அசைவைச் செய்துகொண்டே பாடச் சொல்லி, கையும் முகமும் சேர்ந்து தெரியும்படி படம் பிடிப்பது நல்லது. பின்பாட்டுக்கு அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.